நேரோபோட்டில் ஒரு நாள்: படகும் நடையும் சேர்ந்த பயணத்துக்கு ஓர் அறிமுகம்

நேரோபோட் என்பது இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களுக்கென்றே உருவான ஒடுக்கமான இரும்புப் படகு. அகலம் 6 அடி 10 அங்குலம், அதாவது 2.08 மீட்டர். நீளம் மட்டும் 30 அடியில் தொடங்கி 70 அடி வரை போகும். இந்த விசித்திர அளவுக்குக் காரணம், நீர்மட்டம் மாறும் இடங்களில் படகை ஏற்றி இறக்கும் லாக் எனப்படும் நீர்த்தொட்டிகள். 1760களில் பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி கால்வாய்கள் வெட்டத் தொடங்கியபோது, கட்டுமானச் செலவையும் தண்ணீரையும் மிச்சம் பிடிக்க, லாக்கின் அகலத்தை ஏறத்தாழ 7 அடியோடு நிறுத்திக்கொண்டார். அதற்குள் நுழையும்படி படகுகளைக் கட்டினார்கள். நிலக்கரியும் களிமண்ணும் ஏற்றிய அந்தப் படகுகளைக் கரையிலிருந்து குதிரை இழுத்தது. குதிரை நடந்த பாதைக்கு டோபாத் என்று பெயர். இன்று படகில் டீசல் எஞ்சின், உள்ளே கட்டிலும் சமையலறையும் குளியலறையும். டோபாத்தில் நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் போகிறார்கள்.

கால்வாயில் உச்ச வேகம் மணிக்கு 4 மைல். நிஜத்தில் கிடைப்பது இரண்டரை, மூன்று மைல்தான். மனிதன் சாதாரணமாக நடக்கும் வேகமும் அதுவே. அதனால் நான்கு பேர் படகில் வந்தால் இரண்டு பேர் இறங்கி டோபாத்தில் நடந்துகொண்டே வரலாம். பேசிக்கொண்டே வரலாம், அடுத்த பாலத்தடியில் ஏறிக்கொள்ளலாம். எஞ்சின் எத்தனை ஹார்ஸ் பவர் என்று விசாரிப்பவர் கால்வாய்க்குப் புதியவர் என்று அர்த்தம்.

வாடகைக்கு எடுத்து ஓட்ட உரிமம் எதுவும் தேவையில்லை. படகு கொடுப்பவர்களே புறப்படும் முன் சொல்லிக்கொடுத்து, கொஞ்ச தூரம் கூடவே வந்து பார்ப்பார்கள். அந்தப் பாடத்தை ஒருவர் மட்டும் கேட்காமல் எல்லோரும் கேளுங்கள். ஓட்டுபவருக்குத் தெரிந்து, கயிறு பிடிப்பவருக்குத் தெரியாமல் போவதில்தான் பாதிச் சிக்கல் வருகிறது.

நாளைக் கணக்கிடுவது

கால்வாய்க்காரர்கள் தூரத்தை மைலில் மட்டும் சொல்வதில்லை. மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் மணிக்கணக்கு வரும். 6 மைல், 6 லாக் என்றால் 12. மூன்றால் வகுக்க 4 மணி நேரம். புதியவர்கள் அதோடு கால் பங்கு கூட்டிக்கொள்வது நல்லது. ஒரு நாளில் நடையும் வேண்டுமென்றால் படகுக்கு நாலு, நாலரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள். ஆறு மணி நேரம் ஓட்டிவிட்டு மலையேறலாம் என்று போடும் திட்டம் பெரும்பாலும் பப்பில் முடியும்.

முதல் முறைக்கு நாங்கள் சொல்லும் வழி லாங்கோலென் கால்வாயின் மேல்பகுதி: இங்கிலாந்து எல்லையிலுள்ள சர்க் பேங்க்கில் இருந்து வேல்ஸின் லாங்கோலென் ஊர் வரை, சுமார் 8 மைல். லாக் ஒன்றுகூட இல்லை. நடுவில் இரண்டு தொட்டிப் பாலங்கள் (கால்வாயையே பள்ளத்தாக்குக்கு மேலே தாங்கிச் செல்லும் பாலங்கள்), இரண்டு சுரங்கங்கள், ஒரு தூக்குப் பாலம். கணக்குப்படி இரண்டே முக்கால் மணி நேரம் வர வேண்டும். ஆனால் இங்கே நாலு, நாலரை மணி ஆகும். காரணம், இந்தக் கால்வாயில் தண்ணீர் ஓடுகிறது. லாங்கோலென்னுக்கு மேலே குதிரைலாட வடிவில் பொறியாளர் தாமஸ் டெல்ஃபர்ட் கட்டிய தடுப்பணையில் டீ ஆற்றின் நீர் கால்வாய்க்குள் திரும்பி, செஷையரின் ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கம் வரை குடிநீராகப் போகிறது. 1944இல் சட்டம் போட்டுக் கைவிடப்பட்ட கால்வாய் தூர்ந்து போகாமல் பிழைத்ததே இந்தக் குடிநீரால்தான். போகும்போது ஓட்டத்தை எதிர்த்துப் போகிறீர்கள், திரும்பும்போது அதே தண்ணீர் தள்ளிவிடும். ஒரே நாளில் போய்த் திரும்புவது இதமான பயணமாக இருக்காது. இரவு லாங்கோலென்னில் தங்குங்கள். ஒரு நாள் வாடகைப் படகுதான் என்றால் வழியிலுள்ள ட்ரெவரில் ஏறி, பெரிய தொட்டிப் பாலத்தைக் கடந்து சர்க் வரை போய்த் திரும்புவது போதும்.

டில்லர் பிடிப்பது

படகின் பின்முனையில் நின்று, டில்லர் என்ற நீண்ட பிடியால் சுக்கானைத் திருப்ப வேண்டும். டில்லரை வலப்பக்கம் தள்ளினால் முன்முனை இடப்பக்கம் போகும். பதற்றத்தில் இது மறந்துவிடும். எதன்மீது மோதிவிடுவோமோ என்று பயப்படுகிறீர்களோ, டில்லரை அதை நோக்கித் தள்ளுங்கள். படகு அதைவிட்டு விலகும்.

படகு காரைப் போலத் திரும்புவதில்லை. ஏறத்தாழ நடுப்பகுதியை அச்சாக வைத்துச் சுழல்கிறது. முன்முனை இடப்பக்கம் போகும்போது உங்கள் காலடியிலுள்ள பின்முனை வலப்பக்கம் வீசும். வளைவில் கரையை உரசுவது பெரும்பாலும் பின்முனைதான். எல்லோரும் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பதால் அது தெரிவதில்லை. டில்லரைத் தள்ளியதும் உடனே எதுவும் நடக்காது. 57 அடிப் படகு 15 டன்னுக்கு மேல் எடை. இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் முன்முனை அசையும். அதற்குள் பொறுமை இழந்து இன்னும் தள்ளுவார்கள், பிறகு அது அளவுக்கு மீறித் திரும்பும், மறுபக்கம் தள்ளுவார்கள். முதல் அரை மணி நேரம் எல்லாப் படகும் பாம்பு போலப் போவது இதனால்தான். கொஞ்சமாகத் தள்ளி, காத்திருந்து, முன்முனை அசையத் தொடங்கியதுமே டில்லரை நடுவுக்குக் கொண்டுவந்தால் சரியாகிவிடும்.

பிரேக் கிடையாது. நிறுத்த ரிவர்ஸ் கியர் போட வேண்டும். இரண்டு படகு நீளத்துக்காவது இடம் விட்டுத் தொடங்குங்கள். ரிவர்ஸில் சுக்கான் கிட்டத்தட்ட வேலை செய்யாது. புரொப்பெல்லர் தள்ளும் நீர் சுக்கான்மீது பாய்ந்தால்தான் படகு திரும்பும்; ரிவர்ஸில் அந்த நீர் எதிர்த்திசையில் போய்விடுகிறது. ரிவர்ஸில் கோணல் வந்தால் ஒரு நொடி முன்கியர் போட்டு, கொஞ்சம் வேகம் கொடுத்து, டில்லரால் நேராக்கிக்கொண்டு மறுபடி ரிவர்ஸுக்குப் போங்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு விஷயம். கால்வாயின் அடிப்பகுதி தட்டு போன்றது: நடுவில் ஆழம், ஓரங்களில் சேறு. படகு முன்னால் போக, அது விலக்கும் நீர் பக்கவாட்டில் பின்னுக்கு ஓடிவர வேண்டும். த்ராட்டிலைக் கூட்டினால் புரொப்பெல்லர் அடியிலுள்ள நீரை இழுத்துவிடுகிறது; நீர் வந்து நிரப்ப வழியில்லாததால் பின்முனை கீழே அமுங்குகிறது. சத்தமும் டீசலும் கூடும், வேகம் கூடாது. பின்னால் திரும்பிப் பாருங்கள்: கரையோரத்தில் அலை உடைந்து நுரைத்தால் அதிகம். மெல்லிய மடிப்பாக மட்டும் போனால் சரி. கட்டிநிற்கும் படகுகளைக் கடக்கும்போது ஐட்லிங்குக்கு இறக்கிவிடுங்கள். அதுவும் அதன் அருகில் போன பிறகு அல்ல, மூன்று நான்கு படகு நீளம் முன்பே. இல்லாவிட்டால் உங்கள் படகு இழுக்கும் நீரோடு அந்தப் படகும் முன்னும் பின்னும் போய், கரையில் அடித்த முளை பிடுங்கிக்கொள்ளும். உள்ளே யாராவது அடுப்பில் கொதிநீர் வைத்திருப்பார்கள் என்பதை நினைத்தாலே த்ராட்டில் தானாக இறங்கும்.

எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும், சாலைக்கு நேர்மாறாக. ரொம்ப முன்னதாகவே ஓரம் கட்டினால் தரை தட்டும். நடுவிலேயே வந்து, கடைசி இரண்டு மூன்று படகு நீளத்தில் விலகி, முன்முனைகள் கடந்ததும் மறுபடி நடுவுக்கு வந்துவிடுங்கள். பாலத்தடியில் கால்வாய் சட்டென்று ஒடுங்கும். டோபாத் பக்கத்துக் கல்லுக்கும் படகுக்கும் அரையடி இடைவெளி என்று ஒரே பக்கத்தைப் பார்த்து ஓட்டுங்கள். மறுபக்கம் தானாகச் சரியாக இருக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தால்தான் இடிப்பீர்கள்.

தரை தட்டிவிட்டால் முன்கியரில் முறுக்காதீர்கள், இன்னும் ஏறிக்கொள்ளும். வந்த வழியே மெதுவாக ரிவர்ஸ், ஆட்களை மறுபக்கம் நிற்கவைத்துப் படகைச் சாய்ப்பது, நீளக் கழியால் கரையை ஊன்றித் தள்ளுவது, இந்த வரிசையில் முயலுங்கள். எந்த நிலையிலும் காலையோ கையையோ படகுக்கும் சுவருக்கும் நடுவே நீட்டக் கூடாது. 15 டன்னை யாராலும் நிறுத்த முடியாது.

லாக் வந்தால்

சர்க்கிலிருந்து மேலே லாக் இல்லை என்றாலும், கிழக்கேயிருந்து வருபவர்கள் நியூ மார்டனில் இரண்டைக் கடந்துதான் வர வேண்டும். லாக் என்பது இரு முனையிலும் கதவுள்ள தொட்டி. கதவிலும் தரைக்கடியிலும் மதகு ஷட்டர்கள் இருக்கும். அவற்றைத் திறக்க எல் வடிவ விண்ட்லாஸ் என்ற இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுற்ற வேண்டும்.

மேலே ஏறுவதற்கு: தொட்டி காலியாக இருந்தால் கீழ்க்கதவைத் திறந்து உள்ளே போங்கள். கதவை மூடி, கீழ் ஷட்டர்கள் இறங்கிவிட்டனவா என்று பாருங்கள். மேல் ஷட்டரைப் பாதி மட்டும் திறந்து படகு அடங்கிய பிறகு முழுவதும் திறங்கள். இரு பக்க நீர்மட்டமும் சமமாகும் வரை கதவு அசையாது; பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையாது. சமமானதும் ஒருவர் முதுகைக் கொடுத்துத் தள்ளினால் போதும். படகு வெளியேறியதும் கதவையும் ஷட்டரையும் மூடிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒடுக்கமான ஒரு லாக் நிரம்ப ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் போகிறது. எதிரிலிருந்து வரும் படகுக்கு நீர்மட்டம் ஏற்கெனவே சாதகமாக இருந்தால், முதல் உரிமை அதற்கே.

கீழே இறங்கும்போதுதான் உண்மையான ஆபத்து. மேல்கதவுக்கு உள்பக்கம், அடியில் ஒரு கல்திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். நீர் நிறைந்திருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அது எதுவரை என்று சுவரில் வெள்ளைக்கோடு போட்டிருப்பார்கள். பின்முனை அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் வடியும்போது பின்பகுதி திண்டில் உட்கார்ந்துவிட, முன்பகுதி இறங்கி, படகு நிமிடங்களில் மூழ்கும். அதேபோல் இறங்கும்போது கயிற்றை இறுக்கிக் கட்டினால் படகு கயிற்றில் தொங்கும். ஏறும்போது முன்முனையின் மோதல்தாங்கி கதவுச் சட்டத்துக்கு அடியில் சிக்கிக்கொள்ளலாம். ஆகவே ஷட்டரிடம் நிற்பவர் கைபேசியைப் பார்க்காமல் படகைப் பார்க்க வேண்டும். ஏதாவது தவறாகத் தெரிந்தால் திறந்த ஷட்டரை உடனே இறக்கிவிடுங்கள். இறங்கும்போது என்றால் அடுத்து மேல் ஷட்டரைத் திறந்து மறுபடி நிரப்புங்கள். விண்ட்லாஸைச் சொருகிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பல்சக்கரத் தடை நழுவினால் அது சுழன்று பறக்கும்.

நியூ மார்டனில் இன்னொரு தொல்லை, லாக்கைச் சுற்றி ஓடும் உபரிநீர் வாய்க்கால். லாக்குக்குக் கீழே அது பக்கவாட்டில் வந்து விழும் இடத்தில் முன்முனையைத் தள்ளிவிடும். பயந்து வேகத்தைக் குறைத்தால் தள்ளல் இன்னும் வலுக்கும். அது வரும் பக்கமாகக் கொஞ்சம் குறிவைத்து, நிதானமான வேகத்தில் நுழையுங்கள்.

பாலங்களும் சுரங்கங்களும்

காலை எட்டரைக்குப் புறப்படுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் சர்க் தொட்டிப் பாலம்: 1801இல் முடிந்தது, 21 மீட்டர் உயரம், கீழே கெய்ரியோக் ஆறு, அருகிலேயே அதைவிட உயரமான ரயில் பாலம். நடுவில் எங்கோ நாடு மாறிவிடுகிறது. பாலம் முடிந்ததும் 421 மீட்டர் நீளமுள்ள சர்க் சுரங்கம். ஒரு படகுக்கு மட்டுமே அகலம். உள்ளே எதிர் விளக்கு தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் காத்திருங்கள்; இல்லையென்றால் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு நுழையுங்கள். உள்ளே எதிரோட்டம் வலுத்திருக்கும், படகு நிற்பது போலவே தோன்றும். நடக்க விரும்புகிறவர்கள் உள்ளேயே டோபாத் இருப்பதால் டார்ச்சோடு நடக்கலாம், படகை முந்திக்கொண்டும் போகலாம். அடுத்த வைட்ஹவுஸஸ் சுரங்கம் சிறியது.

பிறகு ஃப்ரான்கசல்தே கிராமம், கையால் இயக்கும் தூக்குப் பாலம். ஒருவரை முன்னால் இறக்கிவிட வேண்டும். வண்டியோ ஆளோ வரவில்லை என்று பார்த்து, விண்ட்லாஸால் முழுவதும் தூக்கி, படகு கடந்ததும் இறக்கிவிட்டு வர வேண்டும்.

அதைத் தாண்டியதும் பொண்ட்கசல்தே. தாமஸ் டெல்ஃபர்டும் வில்லியம் ஜெஸ்ஸாப்பும் 1795இல் தொடங்கி 1805இல் முடித்தது. 307 மீட்டர் நீளம், டீ ஆற்றுக்கு 38 மீட்டர் மேலே, 18 கல்தூண்களின்மேல் வார்ப்பிரும்புத் தொட்டி. 2009இல் யுனெஸ்கோ இதையும் இதைச் சேர்ந்த 11 மைல் கால்வாயையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது. தொட்டியின் தகடுகள் சேரும் இடங்களில் வெல்ஷ் கம்பளித் துணியைச் சர்க்கரைப் பாகில் வேகவைத்து அடைத்திருக்கிறார்கள். டோபாத் தொட்டிக்குப் பக்கத்தில் இல்லை, தொட்டிக்குள்ளேயே நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. படகு விலக்கும் நீர் அந்தப் பாதைக்கு அடியில் புகுந்து பின்னால் ஓடிவரட்டும் என்று செய்த ஏற்பாடு. அது இல்லாவிட்டால் இவ்வளவு ஒடுக்கமான தொட்டியில் படகை நகர்த்தவே முடியாது. டோபாத் பக்கம் கம்பித் தடுப்பு உண்டு. மறுபக்கம் தடுப்பே கிடையாது. நீர்மட்டத்துக்கு அரையடி மேலே தொட்டியின் இரும்பு விளிம்பு, அதற்கு அப்பால் வெறும் காற்று. குழந்தைகளையும் நாயையும் உள்ளே அனுப்பிவிடுங்கள். டில்லர் பிடிப்பவர் நகராமல் நிற்கட்டும். படகு தொட்டிச் சுவரில் லேசாக உரசிக்கொண்டே போகும், அது சாதாரணம். உயரம் ஆகாதவர்களுக்குப் படகின் உள்ளே உட்கார்ந்து தேநீர் போடும் வேலை கொடுக்கலாம். இரண்டு படகு எதிரெதிரே போக முடியாது. நுழையும் முன் மறுமுனை வரை பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் வரிசை நிற்கும்.

பாலம் முடிந்ததும் நேரே போனால் ட்ரெவர் படகுத்துறை. லாங்கோலென்னுக்கு உடனே கூர்மையாக இடப்பக்கம் திரும்ப வேண்டும். ஐட்லிங்கில் வந்து, டில்லரை முழுவதும் ஒரு பக்கம் தள்ளி, அதன்பிறகு சிறிது த்ராட்டில் கொடுத்தால் பின்முனை வீசி, படகு திரும்பும். வேகமாக வந்து திருப்பினால் எதிர்க்கரைக்குத்தான் போவீர்கள்.

இங்கிருந்து ஊர் வரை நான்கு மைல். மலைச்சரிவை வெட்டிய கால்வாய் சில இடங்களில் ஒரு படகுக்கு மட்டுமே அகலம். ஒருவர் டோபாத்தில் முன்னால் நடந்து, ஒடுக்கத்தின் மறுமுனையில் நின்று, எதிரே யாரும் இல்லையென்று கைபேசியில் சொன்ன பிறகு படகு உள்ளே வர வேண்டும். வருகிற படகு இருந்தால் அதை அங்கேயே நிறுத்தச் சொல்வதும் அவர் வேலை. ஆள் அனுப்பாமல் நுழைந்து, நடுவில் இரண்டு படகு முட்டிக்கொண்டால் ஒன்று எதிரோட்டத்திலோ ஓட்டத்தோடோ ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும். அதைப் பார்க்கக் கரையில் கூட்டம் கூடுவதுண்டு.

லாங்கோலென் படகுத்துறைக்கு மேல் மோட்டார் படகுகளுக்கு அனுமதியில்லை. அங்கிருந்து தடுப்பணை வரையிலான ஒடுக்கமான பகுதியில் 1884 முதல் சுற்றுலாப் பயணிகளுக்காகக் குதிரை இழுக்கும் படகுதான் ஓடுகிறது.

இறங்கி நடப்பது

மதியத்துக்கு இரண்டு நடைகள். கால் வலிக்காமல் போக வேண்டுமென்றால் டோபாத்திலேயே தடுப்பணை வரை இரண்டு மைல், சமதரை, போக ஒரு மணி நேரம். நாங்கள் பரிந்துரைப்பது டினாஸ் ப்ரான் குன்று: உச்சியில் 13ஆம் நூற்றாண்டுக் கோட்டையின் சிதைவுகள், உயரம் 320 மீட்டர். கால்வாய்ப் பாலத்தை ஒட்டியே பாதை தொடங்குகிறது.

நேரம் கணக்கிட 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன விதி இன்றும் போதும்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். இங்கே ஒரு மைல் நடை, 700 அடி ஏற்றம். 20 நிமிடமும் 21 நிமிடமும் சேர்ந்து சுமார் 40. மூச்சு வாங்க நிற்பதையும் சேர்த்து ஒரு மணி என்று வையுங்கள். உச்சியில் அரை மணி, இறங்க முக்கால் மணி. இறங்குவது ஏறுவதைவிட லேசாகிவிடாது. ஈரப்புல் சரிவில் வழுக்குவது இறங்கும்போதுதான். படகில் போட்டிருக்கும் தட்டையான அடிப்பாகமுள்ள கேன்வாஸ் ஷூ மேல்தளத்துக்கு நல்லது, இந்தச் சரிவுக்கு ஆகாது. மேலே காற்று எப்போதும் பலமாக இருக்கும்; கீழே வெயில் அடித்தாலும் காற்றுத் தடுப்பு ஜாக்கெட் ஒன்று பையில் இருக்கட்டும்.

வரைபடம், பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை, எண் 256. 4 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். பச்சைக் கோட்டுத் துண்டுகள் பொதுப்பாதைகள். வழியில் கம்பங்களில் மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு, நீல அம்பு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. பாதை தனியார் பண்ணைக்குள் போகும், அது உங்கள் உரிமை. ஆனால் கேட் திறந்திருந்தால் திறந்தபடியே, மூடியிருந்தால் மூடிவிட்டுப் போக வேண்டும். அக்கறையாக மூடிவைத்த கேட்டால் ஆடுகள் தண்ணீருக்குப் போக முடியாமல் நின்ற கதைகள் உண்டு. கன்றோடு நிற்கும் மாடுகளைச் சுற்றிக்கொண்டு போங்கள். நாயோடு போகும்போது மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள். மாட்டின் கோபம் நாய்மீதுதான், நாய் உங்களைவிட வேகமாக ஓடும்.

ஜூன் கடைசியில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். அக்டோபர் இறுதியில் கடிகாரத்தைப் பின்னால் தள்ளியபின் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அப்போது இந்தத் திட்டம் வேலைக்கு ஆகாது. தடுப்பணை நடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கட்டுவதும் இரவும்

கரைக்கு வரும்போது முன்முனையைச் சாய்வாகக் கொண்டுவந்து, ரிவர்ஸில் நிறுத்தி, நடுக்கயிற்றோடு ஒருவர் இறங்கட்டும். இறங்க வேண்டும், குதிக்கக் கூடாது. இடைவெளி பெரிதாக இருந்தால் மறுபடி நெருங்கி வாருங்கள். முன்பின் கயிறுகள் இரண்டும் படகிலிருந்து வெளிப்பக்கமாக, கரையோடு சுமார் 45 பாகையில் இருந்தால் படகு முன்பின் ஆடாது. கரையில் இரும்புத் தகடு இருந்தால் கொக்கியை அதில் மாட்டலாம். மண்கரையென்றால் முளையடிக்க வேண்டும்: டோபாத்தின் நடுவில் இல்லாமல் தண்ணீர்ப் பக்கம், படகைவிட்டு விலகிச் சாய்ந்த கோணத்தில். இருட்டில் சைக்கிள்காரர் தடுக்காமலிருக்க முளையின் தலையில் வெள்ளைப் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கட்டுவது வழக்கம்.

பகலில் படகு திடீரென்று சக்தி இழந்து அதிர்ந்தால் புரொப்பெல்லரில் பையோ கயிறோ சுற்றியிருக்கும். எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகே பின்தளத்து மூடியைத் திறந்து கையை விட வேண்டும். வேலை முடிந்ததும் மூடியை நன்றாக இறுக்குங்கள். இறுக்காமல் எஞ்சினை ஓட்டினால் புரொப்பெல்லரே தண்ணீரைப் படகுக்குள் இறைத்துவிடும்.

எஞ்சினை நிறுத்தியதும் புரொப்பெல்லர் தண்டின் கிரீஸ் குப்பியை, கைக்கு எதிர்ப்பு தெரியும் வரை திருகுங்கள். அந்த இடத்தில் நீர் சொட்டுவது நின்றுவிடும். விறகடுப்பு எரிந்தால் காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள்; குளிர் தாங்காமல் துணியை வைத்து அடைப்பதால்தான் கார்பன் மோனாக்சைடு சேர்கிறது. அதற்கான அலாரத்தைத் தூங்குமுன் அழுத்திப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு மேல், காலை எட்டு மணி வரை, பக்கத்தில் படகுகள் இருக்கும் இடத்தில் எஞ்சினை ஓட்டக் கூடாது. ஆகவே பேட்டரிக்கும் வெந்நீருக்கும் தேவையானதைப் பகல் பயணத்திலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். நாலு மணி நேரம் ஓட்டியிருந்தால் இரண்டுக்கும் போதும்.